விருத்தாசலத்தில் இறங்கி, அங்கிருந்து கடலுக்கு

ஜனவரி பிறந்தால் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்கள், சொந்தக்காரர்களிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பிக்கும். "ஒரு வாரம் லீவு இருக்கு. அவசரமில்லாம கடலோர ஊரா பாத்துக்கிட்டே போகணும். எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" விருத்தாசலத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. கடல் எங்கள் ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பதிலை நான் மாற்றிக்கொள்வதில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே விரிவாக எழுதி வைத்துவிடுகிறேன்.

சோழமண்டலக் கரையில் பழைய துறைமுகங்களில் பெரும்பாலானவை ஓர் ஆற்றின் வாயில்தான் இருக்கும். கடலூருக்குக் கெடிலம், பரங்கிப்பேட்டைக்கு வெள்ளாறு, பூம்புகாருக்குக் காவிரி, அரிக்கமேட்டுக்கு அரியாங்குப்பம் ஆறு. உள்நாட்டிலிருந்து சரக்கு வந்து சேர்ந்ததால்தான் அங்கே கப்பல் வந்து நின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விரட்டிக்கொண்டு போனால் ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் விடுதிப் பலகைகள். நான்காவது ஊரில் இறங்கும்போது முதல் ஊர் மனதில் இருக்காது. ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போனால் அப்படி ஆகாது. எங்கள் ஊரில் ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையிலிருந்து வருகிறது. கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அந்த ஆற்றை நம்பித்தான் இந்தப் பயணத்தைச் சொல்கிறேன்.

பாதை இதுதான். விருத்தாசலத்திலிருந்து வடலூர் வழியாகக் கடலூர். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம், சிதம்பரம். முடிந்தால் தரங்கம்பாடி. திரும்பும்போது ஸ்ரீமுஷ்ணம் வழியாக மறுபடி விருத்தாசலம். ஐந்தாறு நாள் வையுங்கள். இரவு தங்குவது மூன்றே ஊரில்: விருத்தாசலத்தில் ஓர் இரவு, கடலூரில் இரண்டு, மீதி சிதம்பரத்தில். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டு இருந்தால் எத்தனை அழகான ஊரும் சலித்துப்போகும். இரண்டு ஊரைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஊரில் இரண்டு காலைப் பொழுது இருந்து பாருங்கள். முதல் நாள் காலை நமக்கு வழி தேடுவதிலேயே போய்விடும். இரண்டாம் நாள் காலையில்தான் டீக்கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார்.

விருத்தாசலத்தில் விடியற்காலையில் பழமலைநாதர் கோயிலுக்குப் போங்கள். திருமுதுகுன்றம் என்பது தேவாரம் பாடிய பெயர். செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று. உள்ளே நுழைந்ததும் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படியிறங்க வேண்டும். தரை மட்டத்துக்குக் கீழே, ஒரு சின்னக் கோட்டைக்குள் இருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். வெளியே மே மாதம் கொதிக்கும்போதும் அந்தப் படிகளில் குளிர்ச்சி இருக்கும். எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்த இடம் அது.

கோயிலை விட்டு வந்தால் மணிமுத்தாறு. சுந்தரர் தனக்குக் கிடைத்த 12,000 பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற கதை எங்கள் ஊரில்தான் தொடங்கியது. வருஷத்தில் பாதி நாள் ஆற்றில் மணல்தான் தெரியும், அதற்காக ஏமாந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் ஆற்றுப் பாலத்தில் நின்று, கரை தொட்டுப் போகிற செந்நிறத் தண்ணீரைப் பார்க்கலாம்.

அடுத்து பீங்கான் தொழிற்பேட்டை. ஜங்ஷனில் ரயில் மாறுகிறவர்களில் பலருக்கு இந்த ஊரில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாமலேயே இவ்வூர்ப் பொருள் அவர்கள் வீட்டில் இருந்திருக்கும். பழைய மின்சாரப் பெட்டியில் வெள்ளையாக இருந்த பியூஸ் கட்டை, கொலுவில் வைத்த சின்னப் பிள்ளையார், கார்த்திகை அகல், டீக்கடைக் கோப்பை என்று பலவும் இங்கே செய்து போயிருக்கின்றன. சூளைகள் இங்கே வளர்ந்ததற்குப் பக்கத்து நெய்வேலி மண் ஒரு பெரிய காரணம். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேலே இருக்கிற மண்ணை அகற்றும்போது அதோடு நல்ல களிமண்ணும் வருகிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசு டிப்ளமோ கல்லூரியும் இந்த ஊரில் உண்டு.

பட்டறையில் முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். மதிய உணவுக்கு முன்னால் போவது நல்லது. அப்போதுதான் வார்ப்பு நடக்கும். களிமண்ணோடு குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் பொடியைச் சேர்த்து அரைத்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து வைத்திருப்பார்கள். அதை பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் ஏடு கட்டும். போதிய கனம் வந்ததும் மீதிக் கரைசலைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு பொம்மை, சாம்பல் நிறத்தில், ஈரத்தோடு. அதைக் காயவைத்து, அச்சு சேர்ந்த கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, மெருகு முக்கி, 1000 டிகிரிக்கும் மேலான சூட்டில் சூளையில் வேகவைக்க வேண்டும்.

இந்த வேலையில் பெரும்பகுதி பெண்கள் கையில் இருக்கிறது. ஒரு பட்டறையில், சீவிக்கொண்டிருந்த பொம்மையைக் காட்டி, "தொடலாமாக்கா?" என்று கேட்டேன். "இப்ப தொடாதீங்க தம்பி, விரல் பதிஞ்சிடும். வெந்து வரட்டும், அப்புறம் எவ்ளோ நேரம் வேணா கையில வச்சிருங்க" என்றார். கத்தியை எடுக்காமல், என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். ஒரு பொம்மை எத்தனை கை மாறி உங்கள் கைக்கு வருகிறது என்பதை அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் நின்றால் எண்ணிப் பார்க்கலாம். இன்று வீடுகளில் பியூஸ் கட்டைக்குப் பதில் எம்சிபி வந்துவிட்டது. பொம்மைக் கடைகளில் பிளாஸ்டிக்கும் வெளிநாட்டுச் சரக்கும் நிறைந்திருக்கின்றன. இந்தத் தொழில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அதனால் வருகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்வேன்: பட்டறை விலையில் பேரம் பேசாதீர்கள். வாங்குவதைத் திரும்பி வரும் நாளில் வாங்குங்கள், வைக்கோல் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். பயணம் முழுக்கப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது பீங்கானுக்கும் நல்லதில்லை, முதுகுக்கும் நல்லதில்லை. நவராத்திரி, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வந்தால் பட்டறைகள் பரபரப்பாக இருக்கும். பார்க்க நிறைய இருக்கும், பேச ஆள் கிடைப்பது கஷ்டம்.

முந்திரி வேண்டுமென்றால் அதையும் இங்கேயே வாங்கலாம். இந்த ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான முந்திரி, நிலக்கடலை ரகங்களுக்கு விஆர்ஐ என்று ஊர்ப் பெயரின் எழுத்துகளையே வைத்திருக்கிறார்கள்.

கடலூருக்கு பஸ் அடிக்கடி உண்டு. இருந்தாலும் நான் ரயிலைச் சொல்வேன். விருத்தாசலத்திலிருந்து கடலூர் துறைமுகம் சந்திப்பு வரை போகும் பாதையில் ஊத்தங்கால் மங்கலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று நிலையங்கள். வண்டிகள் குறைவு, அதனால் நேரத்தை முதல் நாளே ஜங்ஷனில் விசாரித்து வையுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மண்ணின் நிறம் மாறுவது தெரியும். செம்மண்ணும் முந்திரித் தோப்பும் முதலில், நெய்வேலியில் அடிவானத்தில் மலை மாதிரி நிற்கிற சுரங்க மண் மேடு, குறிஞ்சிப்பாடி தாண்டினால் வயல், அப்புறம் தாழ்ந்த நிலம். கடல் நெருங்குவதைக் கண்ணுக்கு முன்னால் தோலே சொல்லிவிடும். காற்றில் பிசுபிசுப்பு ஏறும்.

நடுவில் வடலூரில் ஒரு மதியம் இறங்குங்கள். வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வரிசையில் உட்கார்ந்தால் சாப்பாடு. பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை இலவசச் சாப்பாடு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பசித்தவருக்குச் சோறு போடுவதே வழிபாடு என்று ஒருவர் சொல்லி, அது 150 ஆண்டுகளுக்கு மேல் தடையில்லாமல் நடக்கிறது. நாமும் ஒரு மூட்டை அரிசிக்கான பணமாவது கொடுத்துவிட்டு வர வேண்டிய இடம். 1872இல் எழுந்த எண்கோண வடிவச் சத்திய ஞான சபை பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் கடலூர் போய்விடலாம்.

கடலூரை ஒரே ஊர் என்று நினைத்து வருகிறவர்கள் குழம்புவார்கள். மஞ்சக்குப்பம் ஒரு பக்கம், திருப்பாதிரிப்புலியூர் ஒரு பக்கம், தெற்கே துறைமுகத்தோடு பழைய நகரம். உள்ளூரில் என்டி (நியூ டவுன்), ஓடி (ஓல்டு டவுன்) என்று சொல்வார்கள். ஆட்டோவில் ஏறும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அறை எடுப்பதற்குத் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் வசதி. பாடலீசுவரர் கோயில் அங்கேதான். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டதும் அவர் அதையே தெப்பமாகக் கொண்டு கரையேறியதும் இந்த ஊர்ப் புராணம். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடமே உண்டு. சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், 1906இல் பிறந்ததும் திருப்பாதிரிப்புலியூரில்தான். ஜெயகாந்தனுக்கும் கடலூர்தான் பிறந்த ஊர். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய பெயர்கள் ஒரே ஊரில் பிறந்திருக்க, அதைச் சொல்ல ஒரு நல்ல நினைவில்லம் இன்னும் பெரிதாக இங்கே எழ வேண்டும் என்று எனக்கு ஆசை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைப் பிடித்து அடைத்ததும் கடலூர்ச் சிறையில்தான்.

காலை ஐந்தரைக்கெல்லாம் எழுந்து பழைய நகரத்துத் துறைமுகத்துக்குப் போங்கள். விசைப்படகுகள் வந்து நிற்கும், மீன் ஏலம் நடக்கும். ஏலம் விடுகிற குரலுக்கு நடுவே போட்டோ எடுக்கிறேன் என்று வழியில் நிற்காதீர்கள். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் ஐஸுக்கும் மீனுக்கும் நடுவிலான பந்தயம். ஓரமாக நின்று பாருங்கள். கூடையோடு நிற்கிற அக்காக்களிடம் சில்லறையாக வாங்கலாம். சங்கரா, கிழங்கான், நெத்திலி எல்லாம் வஞ்சிரத்தைவிட விலை குறைவு. குழம்புக்கு என் ஓட்டு சங்கராவுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் நாட்டுப் படகில் கிடைப்பதுதான் மீன். மீனுக்காகவே வருகிறவர்கள் தேதியைப் பார்த்து வாருங்கள்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குச் சாயங்காலம் எல்லோரும் போவார்கள். நீங்கள் காலையில் போங்கள். பக்கத்தில் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் தனக்கு என்று எடுத்துக்கொண்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது கம்பெனிக்குத் தலைமையிடம் இதுதான். 1758இல் பிரெஞ்சுப் படை பிடித்துத் தரைமட்டமாக்கியது. இப்போது பார்க்க மிச்சமாக இருப்பது சொற்பம். ஆனால் ஆற்று வாயும் கடலும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் சேர்ந்து கிடக்கும் அந்த மூலையில் நின்றால், கோட்டை கட்ட இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பது புரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு. இந்தக் கரையில் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். மணல் சட்டென்று சரிகிறது, அலை திரும்பும்போது காலை இழுக்கும். ஆற்று முகத்துவாரத்தில் இன்னும் மோசம். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் ஆற்றோட்டமும் கடலோட்டமும் மோதிக்கொண்டிருக்கும். உள்ளூர் மீனவர் யாராவது வேண்டாம் என்று கை காட்டினால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2011 டிசம்பர் 30 அதிகாலை வந்த தானே புயலையும் பார்த்த கரை இது. தானேயில் கரையோரக் குப்பங்கள் மட்டுமல்லாமல், உள்ளே பண்ருட்டிப் பலாவும் எங்கள் பக்கத்து முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நட்டு வளர்த்தவர்கள் இன்னும் அந்த ஆண்டைச் சொல்லித்தான் கணக்கு வைத்துப் பேசுகிறார்கள்.

கடலூரில் இருக்கிற இரண்டாவது நாளில் புதுச்சேரிக்குப் போய்வரலாம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். வெள்ளை நகரத் தெருக்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முன்னாலேயே அரியாங்குப்பத்தில் இறங்கி அரிக்கமேட்டுக்குப் போவதை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெசோ நகரத்து மெருகேற்றிய சிவப்பு மண்கலத் துண்டுகள் கிடைத்தன. மது ஜாடிகளின் உடைந்த பாகங்களும் கிடைத்தன. அந்த ஓட்டுத் துண்டுகளை வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலில் பல இடங்களுக்குக் காலம் குறித்தார்கள். விருத்தாசலத்துப் பட்டறையில் பச்சை மண் பொம்மையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அரிக்கமேடு வெறும் மாந்தோப்பாகத் தெரியாது. துணி மட்கிப்போகும், மிளகு தின்று தீர்ந்துபோகும், வெந்த மண்தான் 2000 ஆண்டு கழித்தும் யார் வந்தார்கள் என்று சொல்லும். அங்கே காலில் தட்டுப்படும் ஓட்டைக்கூட எடுத்து வராதீர்கள், இருந்த இடத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

கடலூரிலிருந்து தெற்கே போகும் மயிலாடுதுறைப் பாதையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று நிலையங்கள் வரிசையாக வரும். பாசஞ்சர் வண்டி கிடைத்தால் அதில் ஏறுங்கள். இல்லையென்றால் சிதம்பரம் பஸ்ஸில் பு.முட்லூரில் இறங்கினால் பரங்கிப்பேட்டைக்கு டவுன் பஸ் உண்டு.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிரியமான ஊர் பரங்கிப்பேட்டை. சுற்றுலாப் பட்டியல்களில் இதன் பெயர் அவ்வளவாக வராது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடை வைத்த இடம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படையும் மோதிய இடம். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலம் பகுதி இரும்புத் தாதுவை வைத்து இங்கே இரும்பாலை நடத்தினார். இங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்குப் போனது. இத்தனையும் நடந்த ஊர், இன்று மத்தியான வெயிலில் கதவு சாத்திய நீண்ட தெருக்களோடு அமைதியாக இருக்கிறது. மரைக்காயர் வீடுகளின் திண்ணையும் மரத்தூணும் பார்த்தபடி மெல்ல நடக்கலாம். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் கூட்டமாக நின்று போட்டோ எடுக்காமல் ஒதுங்கிப் போனால், பிறகு அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டு அனுமதி கிடைத்தால் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் கடல் உயிரிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

சாயங்காலம் அன்னங்கோயில் பக்கம் போங்கள். வெள்ளாறு கடலைத் தொடும் இடம். கல்வராயன் மலை மழை எங்கள் ஊர்ப் பாலத்துக்கு அடியில் வந்து, கூடலையாற்றூர், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, புவனகிரி என்று சுற்றி இங்கே உப்பாகிறது. ஒருமுறை வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "நாளைக்குக் காலைல காத்து எப்படிங்க ஐயா இருக்கும்?" என்று கேட்டேன். "வெடியக்காலம் கச்சான், அதோட போவோம். வெயில் ஏறுனா கொண்டல் திரும்பும், அதோட வருவோம்" என்றார். மேலைக்காற்று கச்சான், கீழைக்காற்று கொண்டல். கோடையில் நிலக்காற்றும் கடல்காற்றும் மாறுகிற அந்த நேரக் கணக்கை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். காலை பத்து மணிக்குள் நடப்பதை முடியுங்கள். பத்திலிருந்து மூன்று வரை சாப்பாடு, தூக்கம், புத்தகம். கொண்டல் எழுந்த பிறகு மறுபடி வெளியே வாருங்கள். கடலோரத்தில் வாழ்கிறவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஏசி காரில் ஒரு மணிக்குக் கடற்கரையில் இறங்கி, சுட்டெரிக்கிறது என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பிச்சாவரத்தைச் சிதம்பரத்தில் தங்கிப் பார்ப்பது நல்லது. சுமார் 15 கிலோமீட்டர்தான். படகுத்துறை திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள். விடுமுறை நாளைத் தவிருங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் போகும், பறவையும் பறந்து ஓடாது. சுரபுன்னையும் வெண்கண்டலும் தலைக்கு மேல் கூடிக்கொள்ளும் இடத்தில் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். 'இதயக்கனி' படப்பிடிப்பு நடந்த இடத்தைப் படகோட்டிகள் காட்டுவார்கள், அதையும் பாருங்கள். ஆனால் கரையிலிருக்கும் தில்லை மரத்தை அடையாளம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம் அது. இலையைக் கிள்ளாதீர்கள், பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

இந்தக் காட்டின் ஒரு பகுதி மனிதர் திரும்ப வளர்த்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மரம் வெட்டியதால் நிலம் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பேறிக் கட்டாந்தரையான இடங்களில், 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். ஓதமும் வற்றமும் உள்ளே போய்வர ஆரம்பித்ததும் நட்ட கன்று பிடித்தது. சுனாமி வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள், திறந்த கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவான சேதத்தோடு தப்பின. படகில் தின்பண்டப் பொட்டலம் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

சிதம்பரத்தில் காலைச் சாப்பாட்டுக்கு இட்லியோடு கத்தரிக்காய் கொத்சு. கோயில் நடையை மதியம் சாத்துவார்கள், அதற்குள் போங்கள். அல்லது மாலைப் பூஜைக்கு.

இன்னொரு நாள் கையில் இருந்தால் தரங்கம்பாடி. கொள்ளிடம் பாலம் தாண்டி, தைக்காலில் பிரம்புக் கூடை வாங்கிக்கொண்டு, சீர்காழி வழியாகப் போகலாம். 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை, 1706இல் மதபோதகர் சீகன்பால்க் வந்து இறங்கிய கரை, அவர் 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஊர். கோட்டை வாசலில் இருந்து பார்த்தால் மொத்த ஊரும் ஒரு தெருவுக்குள் அடங்கிவிடும். பூம்புகாரையும் நாகூரையும் வேளாங்கண்ணியையும் இதோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். நாகப்பட்டினம் பக்கத்துக்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும்.

திரும்பும்போது காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம் வழி. வீராணம் ஏரிக்கரையில் பஸ் போகும்போது இடது வலது என்று பார்க்காமல் தண்ணீர்ப் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோயில் முன்மண்டபத்துத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பிகள் செய்திருக்கும் குதிரை வீரர்களின் வாரும் சேணமும் கல்லில் தனித்தனியாகத் தெரியும். கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

எப்போது வருவது? ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைப் பயணம் வைக்காதீர்கள். புயல் காலம், ரயிலும் நிற்கும், படகும் நிற்கும். மே, ஜூனில் பலாவும் முந்திரிப் பழமும் உண்டு, வெயிலைத் தாங்குகிறவர்கள் வரலாம். நான் யாருக்கும் சொல்வது மாசி மாதம். பனி குறைந்திருக்கும், வெயில் முற்றியிருக்காது. மாசி மகத்துக்கு விருத்தாசலத்தில் பிரம்மோற்சவம் நடக்கும், பழமலைநாதருக்கு மணிமுத்தாற்றில் தீர்த்தவாரி. அதே நாளில் தேவனாம்பட்டினத்தில் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் கடலுக்கு வரும். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் ஊர் ஊராகத் தங்கி, கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் கிள்ளைப் பக்கத்துத் தைக்காலில் (பிரம்புக் கூடைத் தைக்கால் வேறு) இஸ்லாமியர்கள் அவரை எதிர்கொண்டு மரியாதை செய்வார்கள், பெருமாள் பக்கத்து மரியாதை அங்குள்ள தர்காவுக்குப் போகும்.

மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. கிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே சிதம்பரம் வந்து தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்புங்கள். அன்றைக்கு பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. பெரியவர்கள் கூட இருந்தால் ஆட்டோவை முதல் நாளே பேசி வையுங்கள். அறைக்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். விருத்தாசலத்தில் அந்த வாரம் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம் என்பதால், பீங்கான் பட்டறையை உற்சவம் முடிந்து திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.